ஒரு தோட்டாக் கூட்டின் பல பிறவிகள்

மேசைமேல் பழைய துண்டொன்றை விரித்து, வடாம் காயவைப்பதுபோல் வரிசை வரிசையாகப் பரப்பிவைத்திருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அத்தனையும் சுட்டு முடித்த தோட்டாக்களின் வெற்றுப் பித்தளைக் கூடுகள். அமெரிக்காவில் நாங்கள் குடியிருந்த தெருவில் இரண்டு வீடு தள்ளி இருந்தவர் அவர். இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். வார இறுதியில் குறிபார்த்துச் சுடும் மைதானத்துக்குப் போவார். சுட்டபின் கூடுகளைப் பொறுக்கிவந்து, கார் கொட்டகையின் மூலையில் கிடந்த அந்த மேசையில் மறுபடி தோட்டாவாக்குவார். தீப்பொறி தரும் பிரைமர் புதிது, மருந்து புதிது, குண்டு புதிது. கூடு மட்டும் பழையது.

“எங்கள் ஊரில் பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்போம்” என்றேன். அவர் ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். இரண்டும் செய்கிற வேலை ஒன்றே: பித்தளையின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து எடுத்துவிடும். அதிக நேரம் ஊறவிட்டால் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கழன்று, செம்பு தலைகாட்டி, பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும். புளியில் ஊறவைத்து மறந்துபோன குத்துவிளக்கைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும்.

மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கொட்டை எழுத்தில் ஒரே வரி: அம்மோனியா கூடாது. கடையில் விற்கும் சில பித்தளைப் பாலிஷ்களில் அம்மோனியா இருக்கிறது. கண்ணாடி துடைக்கும் திரவங்களிலும் இருக்கிறது. எவ்வளவு பளபளப்பு வந்தாலும் அவை அந்த மேசைக்கு வரக் கூடாது. இந்தத் தடையின் வேர் அமெரிக்காவில் இல்லை. நம் நாட்டு மழைக்காலத்தில் இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் மழை தொடங்கினால் படை நடவடிக்கைகள் குறைந்துவிடும். மழை விடும்வரை தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். வெயில் திரும்பி எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத தோட்டாக்களின் பித்தளையில் விரிசல் விட்டிருக்கும். அதுவும் குண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில்தான் மிகுதி. பருவம் தோறும் வந்ததால் அதற்குப் ‘பருவ விரிசல்’ என்றே பெயர் வைத்தார்கள். பெயர் கிடைத்தது, காரணம் பிடிபட வெகுகாலம் ஆனது. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் அதை விளக்கினார்கள். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஒரு பாதி. இழுத்து அழுத்தி உருவாக்கிய பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் மறுபாதி.

இரண்டும் சேர்ந்தால்தான் கேடு. அம்மோனியா செம்போடு கூடி நீரில் கரையும் ஒரு கூட்டுப்பொருளாகும். பள்ளி ஆய்வகத்தில் ஆழ்நீலமாகப் பார்த்திருப்போமே, அதே பொருள்தான். இறுக்கம் இல்லாத பித்தளையில் அது மேலோட்டமாக அரிப்பதோடு நின்றுவிடும். உள்ளுக்குள் இழுவிசை இருக்கும் பித்தளையில், படிகத் துகள்களின் விளிம்பு வழியே அரிப்பு உள்ளே இறங்கும். இறங்க இறங்க விசை பிளவைத் திறந்து கொடுக்கும். திறந்த இடத்தில் அம்மோனியா மறுபடி நுழையும். யாரும் அடிக்காமல், யாரும் வளைக்காமல், கிடந்த இடத்திலேயே உலோகம் பிளந்துபோகும். தீர்வும் எளிமையானதே. கூட்டை மிதமாகச் சூடாக்கி உள்ளிறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் லாயத்தின் காற்று அதை ஒன்றும் செய்ய முடியாது. உலோகம் தனக்கு நேர்ந்ததை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தோட்டாவை மறுபடி நிரப்பும் மேசையின் அறிவியலில் பெரும்பகுதி இதுவே. பித்தளைக்கு இதுவரை என்ன நேர்ந்தது, இனி அது எவ்வளவு தாங்கும்?

செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. உலகெங்கும் தோட்டாக் கூட்டுக்கான பித்தளைக் கலவை பெரும்பாலும் இதுதான். வட்டத் தகட்டை அச்சில் அழுத்திக் கிண்ணமாக்குவார்கள். கிண்ணத்தை இழுத்து இழுத்து நீண்ட குழலாக்குவார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை கெட்டிப்படும். கெட்டிப்பட்டதை அப்படியே மேலும் இழுத்தால் கிழியும். ஆகவே நடுநடுவே காய்ச்சி இளக்குவார்கள். பாத்திரம் தட்டுகிறவர்களும் நகை செய்கிற ஆசாரிகளும் காலங்காலமாகச் செய்துவருவதும் இதுவே: தட்டு, காய்ச்சு, மறுபடி தட்டு. கடைசியில் வரும் கூடு எல்லா இடத்திலும் ஒரே கெட்டியாக இருக்காது. அடிப்பாகம் தடித்துக் கெட்டியாகவும், வாய்ப்பக்கம் மெலிந்து இளக்கமாகவும் இருக்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். அதன் காரணத்தைச் சுடும் கணத்தில் பார்க்கலாம்.

வேட்டைத் துப்பாக்கிகளில் பரவலாகப் பயன்படும் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அளவுகள் விதித்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 32 பவுண்டு அளவில் இருக்கும். அதைப்போல் ஏறக்குறைய 2,000 மடங்கு. இந்த அழுத்தத்தை மெல்லிய பித்தளைச் சுவர் தாங்குவதில்லை, சுற்றியுள்ள துப்பாக்கியின் எஃகு அறைதான் தாங்குகிறது. பித்தளை செய்வது வேறு வேலை. வாய்ப்பக்கம் இளக்கமாக இருப்பதால் சட்டென்று விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, சூடான வாயு பின்பக்கம் வந்து சுடுபவரின் முகத்தில் அடிக்காமல் அடைத்துவிடுகிறது. குண்டு குழாயை விட்டு வெளியேறி அழுத்தம் விழுந்ததும் கூடு எஃகைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கி, சுவரிலிருந்து விடுபடுகிறது. எஃகைவிடப் பித்தளைக்கு நெகிழ்ச்சி அதிகம். கெட்டிப்படுத்திய பித்தளை அந்த நெகிழ்ச்சியை இழக்காமல் திரும்பி வரும். மிக இளகிய பித்தளை விரிந்தது விரிந்தபடி ஒட்டிக்கொண்டு வெளியே வராது. மிகக் கெட்டியானது பிளந்துவிடும். அடைக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் இரண்டும் நடந்தாக வேண்டும்.

வெளியே வந்த கூடு பழைய அளவில் இருக்காது, கொஞ்சம் ஊதியிருக்கும். மேசையின் விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் பிரஸ் இதற்குத்தான். நெம்புகோலை இறக்கினால் கூடு மேலேறி, டை என்ற கடினமான எஃகு அச்சுக்குள் புகுந்து, பழைய அளவுக்குச் சுருங்கும். அதே அழுத்தில் ஒரு முள் பழைய பிரைமரையும் கீழே தள்ளிவிடும். பெரியவர் என்னை ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொன்னார். கூட்டுக்கு மெழுகு பூசியிருந்தும் நான் எதிர்பார்த்ததைவிடப் பலம் தேவைப்பட்டது. பலகை மெலிதாக இருந்தால் மேசையே தூக்கிக்கொண்டு வரும். அதனால் தடித்த மரம். பின்னங்காலைச் சுவரோடு பிணைத்திருந்தார். மேசை போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது கருவியின் விலையை அல்ல, மேசை ஆடுகிறதா என்பதைத்தான். ஆடும் மேசையில் தராசும் ஆடும்.

ஒவ்வொரு முறை சுடும்போதும் விரிகிறது, ஒவ்வொரு முறை பிரஸ்ஸிலும் சுருங்குகிறது. ஆசாரியின் சுத்தியல் அடிபோல இதுவும் பித்தளையைக் கெட்டிப்படுத்தும். சில சுற்றுகளுக்குப் பிறகு கழுத்து பிளக்கும். அதற்கு முன்பே கழுத்தை மட்டும் சுடரில் சில நொடி காட்டி இளக்குகிறார்கள். பாடநூலில் பதனாற்றல் என்று படித்தது. நசுங்கிய படிகத் துகள்கள் சூட்டில் கலைந்து புதிதாகப் பிறக்கின்றன, உலோகம் தன் பழைய அடிகளை மறக்கிறது. ஆனால் அடிப்பாகம் மறக்கக் கூடாது. அது இளகினால் அடுத்த முறை சுடும்போது அறையின் பின்புறத்தில் கூடு கிழிந்துபோகும். பழைய முறையில் கூடுகளைத் தட்டுத் தண்ணீரில் நிற்கவைத்து, மேலே தெரியும் கழுத்தை மட்டும் காய்ச்சுவார்கள். அடிப்பாகம் தண்ணீருக்குள் குளிர்ந்தே இருக்கும். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டியாகும். பித்தளைக்கு அந்தக் குணம் கிடையாது. இங்கே தண்ணீர் சூடு கீழே இறங்காமல் தடுக்கும் அணை மட்டுமே.

பிரைமரைப் பற்றிச் சொல்லத் தீபாவளித் துப்பாக்கியின் பொட்டு வெடி போதும். அடிபட்டால் வெடிக்கும் ஒரு துளி மருந்து, அதிலிருந்து ஒரு தீப்பொறி. 1800இல் எட்வர்ட் ஹோவர்ட் பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி அறிவித்தார். அடியால் வெடிக்கும் பொருளைக் கொண்டு துப்பாக்கியைச் சுடலாம் என்று 1807இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஆனால் பாதரசம் பித்தளைக்குள் ஊடுருவி அதை நொறுங்கும்படி செய்துவிடும், அத்தகைய கூட்டை மறுபடி பயன்படுத்த முடியாது. பாதரசம் போய்ப் பொட்டாசியம் குளோரேட் வந்தது. அது எரிந்து பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பை விட்டுச்செல்லும். மழைக்காலத்தில் உப்புச் சாடி நீர்விடுவதுபோல் அந்த உப்பும் ஈரத்தை இழுத்து, துப்பாக்கிக் குழாயைத் துருப்பிடிக்கவைக்கும். அடுத்து வந்தது காரீய ஸ்டிஃப்னேட். துருவும் இல்லை, நொறுங்கலும் இல்லை. விலையாக மனிதருக்குக் காரீயம்.

மறுபடி நிரப்ப முடியுமா முடியாதா என்பதையே பிரைமரின் அமைப்பு தீர்மானித்தது. இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸரும் அமெரிக்காவின் ஹைரம் பெர்டானும் 1866இல் ஆளுக்கொரு அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவாக ஒரே துளை. முள்ளை விட்டால் பழைய பிரைமர் கழன்றுவிடும். பெர்டான் முறையில் நடுவில் மேடும் பக்கத்தில் இரண்டு சின்னத் துளைகளுமாக இருக்கும்; முள் போக வழியில்லை. ஆங்கிலேயரின் முறையை அமெரிக்கா எடுத்துக்கொண்டது, அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் வேரூன்றியது. அமெரிக்கக் கொட்டகைகளில் இந்தக் கலை செழித்ததற்கு அந்த ஒற்றைத் துளை ஒரு முக்கியக் காரணம்.

சுட்ட கூட்டுக்குள் காரீயப் பொடி ஒட்டியிருக்கும். அதைச் சுத்தம் செய்ய வால்நட் ஓட்டுத் தூளோடு சுழலும் பாத்திரத்தில் போட்டால் அந்தப் பொடி தூசியோடு எழும். ஆகவே சலிப்பதை வெளியே காற்றுப்படும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீரில் கழுவினால் தூசி எழாது. பெரியவர் மாறியதும் அதனால்தான். மேசையருகே தின்பண்டம் கூடாது, காபிக் கோப்பை கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போவார். அவருடைய பேத்திக்கு மூன்று வயது. வளரும் மூளைக்குக் காரீயம் செய்யும் கேட்டை எண்ணினால் இந்தக் கட்டுப்பாடு எதுவும் மிகையல்ல. மேசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெடிவிபத்தைத்தான் பேசுவார்கள். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் சேரும் காரீயம்தான் பெரிய ஆபத்து என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது மருந்து. புகையில்லா மருந்தை 1884இல் பால் வியேல் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கினார். நைட்ரோசெல்லுலோஸ்தான் அதன் உயிர். 1889இல் ஏபெலும் தேவாரும் இங்கிலாந்தில் கார்டைட்டைக் கொண்டுவந்தார்கள். நீலகிரியில் அருவங்காடு வழியாக மலை ரயிலில் போனவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தொழிற்சாலைக்குப் பெயரே கார்டைட் பாக்டரி. நைட்ரோசெல்லுலோஸான பஞ்சு மருந்தையும் நைட்ரோகிளிசரினையும் வாசலினோடு பிசைந்து, முறுக்கு அச்சில் மாவு பிழிவதுபோல் துளை வழியே பிழிந்து கயிறாக இழுத்தார்கள். கயிறுபோல் இருந்ததால்தான் கார்டைட் என்ற பெயர்.

வடிவத்துக்கு ஏன் இத்தனை அக்கறை? மருந்து மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. மேற்பரப்பு எவ்வளவோ அவ்வளவு வாயு. கட்டையான கயிறு எரிய எரிய மெலிந்து மேற்பரப்பை இழக்கும். நடுவில் துளையிட்ட குழல், வெளியே மெலியும்போதே உள்ளே துளை பெருத்து, மேற்பரப்பை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறினால் எரியும் வேகமும் ஏறும். வேகம் ஏறினால் அழுத்தம் மேலும் ஏறும். இந்தச் சங்கிலியைக் குண்டு முன்னே நகர்ந்து இடம் கொடுப்பதால் மட்டுமே சமாளிக்க முடிகிறது. அதனால் குட்டைத் துப்பாக்கிக்கான வேக மருந்தை நீள் துப்பாக்கிக் கூட்டில் நிரப்பினால் குண்டு நகர்வதற்குள் அழுத்தம் எல்லை மீறி, அறை வெடிக்கும். பார்வைக்கு இரண்டும் கறுப்புத் தூள்தான். ஆகவே மேசைமேல் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் எஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடிவிட வேண்டும். பெயர் எழுதாத டப்பாவில் மருந்து இருந்தால், விலையைப் பார்க்காமல் அழித்துவிட வேண்டும்.

புகையில்லா மருந்து திறந்த வெளியில் சீறி எரியும், அவ்வளவுதான். அடைபட்ட இடத்தில்தான் வெடிக்கும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் எண் விதிமுறை, வீட்டில் 20 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 9 கிலோ மருந்தை அதன் சொந்த டப்பாக்களில் வைக்க இடம் தருகிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஓர் அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டியில் வைக்கச் சொல்கிறது. இரும்புப் பெட்டிதானே பாதுகாப்பு என்று நமக்குத் தோன்றும். இரும்பு சூட்டைக் கடத்தும். உள்ளே தீப்பிடித்தால் இறுக்கிப் பிடித்து அழுத்தத்தை ஏற்றி, கடைசியில் தானே சில்லுகளாகப் பறக்கும். மரம் சூட்டைத் தாமதப்படுத்தும், அழுத்தம் ஏறும் முன் இணைப்பு விட்டுப் பிரிந்துகொடுக்கும்.

மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின்; ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். ஒரு சவரனில் 64 குன்றிமணி என்ற கணக்கில் நகைக்கடைத் தராசைப் பழகியவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: ஒரு கிரெயின் ஏறக்குறைய அரைக் குன்றிமணி. அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார்கள். மேலே ஓடும் மின்விசிறிக் காற்றே முள்ளை அசைக்கப் போதும். ஆகவே விசிறியை நிறுத்திவிட்டு, எடை தெரிந்த படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்த பிறகே முதல் கூட்டை எடுப்பார்கள். அளவுக்குக் கையேடு இருக்கிறது. தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறுவார்கள். உச்ச அளவில் யாரும் தொடங்குவதில்லை.

தராசு சரியாக இருந்தாலும் கொட்டுவதில் பிசகலாம். .38 ஸ்பெஷல் என்ற தோட்டா 1898இல் வந்தபோது, புகையில்லா மருந்துக்கு முந்தைய கரிமருந்துக்காக அமைந்தது. கரிமருந்துக்கு இடம் நிறைய வேண்டும், ஆகவே கூடு நீளம். புகையில்லா மருந்தோ அதே கூட்டில் ஒரு மூலையை மட்டுமே நிரப்பும். கவனம் பிசகி ஒரே கூட்டில் இரண்டு முறை கொட்டினாலும் வழியாது, வெளியே ஒன்றும் தெரியாது. கொட்டவே மறந்தாலும் தெரியாது. மருந்தில்லாத தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழாயின் நடுவில் கொண்டுபோய்ச் செருகிவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளக்கும். இதற்கு எந்தக் கருவியும் பெரியவரிடம் இல்லை. ஐம்பது குழி போட்ட மரப்பலகையில் கூடுகளை நிற்கவைத்து, குண்டைச் செருகும் முன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக உள்ளே எட்டிப் பார்ப்பார். எல்லாக் கூட்டிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. ரேடியோ இல்லை, கைபேசி வீட்டுக்குள். நான் வாசலில் நின்று காத்திருந்திருக்கிறேன்.

இந்த ஆர்வத்துக்கு அமெரிக்காவில் நீண்ட பின்புலம் உண்டு. 1870களில் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் கடைகண்ணி இல்லாத இடத்தில் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொண்டார்கள். 1943இல், போர்க்காலத் தட்டுப்பாட்டில், கலிபோர்னியாவின் ஃப்ரெட் ஹண்டிங்டன் சுட்டு எறிந்த சிறு .22 கூடுகளையே உறையாக்கிப் புதுக் குண்டு செய்யும் டை ஒன்றை உருவாக்கினார். தோட்டா நிரப்பும் கருவிகள் செய்யும் ஆர்சிபிஎஸ் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. போர் முடிந்ததும் கன்சாஸைச் சேர்ந்த ப்ரூஸ் ஹாட்ஜ்டன் ராணுவம் கழித்த மருந்தை வாங்கி விற்றார். சொந்த உபயோகத்துக்கு நிரப்புவதற்கு அங்கே கூட்டாட்சி உரிமம் கேட்பதில்லை, விற்பதென்றால் கேட்பார்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வதே குற்றம்.

ஊருக்குத் திரும்பும் முன் கடைசியாக ஒருமுறை அந்தக் கொட்டகைக்குப் போனேன். ஒரு கூட்டை என் கையில் கொடுத்து, அடியிலிருந்து விரற்கடை தூரத்தில் பார்க்கச் சொன்னார். மங்கலான பித்தளையில் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு மட்டும் பளபளத்தது. சுடும்போது கூட்டின் முன்பாதி அறைச் சுவரைக் கவ்விக்கொள்ள, அழுத்தம் அடியைப் பின்னுக்குத் தள்ளும்; இரண்டுக்கும் நடுவே அந்த இடம்தான் இழுபடும். ஒவ்வொரு பிறவியிலும் கொஞ்சம் இழுபட்டு, கொஞ்சம் மெலியும். காய்ச்சினால் கெட்டித்தன்மை போகும், போன தடிமன் வராது.

காகிதம் கோக்கும் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல் வளைத்துக் கொடுத்தார். அதைக் கூட்டுக்குள் விட்டு, சுவரை ஒட்டி மெல்ல மேலே இழுத்தேன். அந்தக் கோட்டுக்கு நேர் உள்ளே, நகக்கண் அளவு பள்ளத்தில் கம்பி சிக்கிக்கொண்டு நின்றது. அவரிடம் காட்டினேன். தானும் ஒருமுறை விட்டுப் பார்த்தார். குறட்டை எடுத்துக் கூட்டின் வாயை நசுக்கி, இனி யாரும் தவறி எடுத்து நிரப்ப முடியாதபடி செய்து, மேசைக்கடியிலிருந்த பழைய காபி டப்பாவில் போட்டார்.